மோதிரத்தில் மீதி 250 பங்கு என்ன?

கேள்வி: ஐயா, வருகிற தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். நான் ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பெண் கோவையில் தனியார் மருத்துவமனையில் செவிலியர். அவளுக்கு 30 சென்ட்டில் ஒற்றைக்கல் வைர மோதிரம் போட ஆசைப்படுகிறேன். அம்மா, "916 இல்லாத தங்கம் நம் வீட்டுக்கு வேண்டாம்" என்கிறார். ஒரு கடையில் பிளாட்டினம் காட்டினார்கள். இன்னொரு கடையில் 18 கேரட் ஒயிட் கோல்டைக் காட்டி, "பார்க்க இரண்டும் ஒன்றுதான், எதற்குப் பிளாட்டினம்?" என்றார்கள். அமெரிக்காவில் இருக்கும் நண்பன் 14 கேரட்தான் உறுதி என்கிறான். பெண்ணுக்கு வெள்ளை நிறம் பிடிக்கும், ஆனால் மஞ்சளாக இருந்தாலும் சரி என்கிறாள். அவளுக்குக் கவரிங் தோடு போட்டால் காது அரித்துப் புண்ணாகிவிடும், வாட்ச் கொக்கி படுகிற இடத்திலும் தடிப்பு வரும். எது வாங்கலாம்?

பதில்: முதலில் வாழ்த்துகள் தம்பி. கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் கவரிங் தோடு, வாட்ச் கொக்கி என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களுக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது. கடைக்காரர் யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார். நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

கவரிங் நகையிலும் மலிவான வாட்ச் கொக்கியிலும் பெரும்பாலும் நிக்கல் இருக்கும். அது தோலில் பட்ட இடத்தில் அரித்துத் தடிக்கிறது என்றால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். மருத்துவமனையிலேயே வேலை பார்ப்பவருக்கு அது பெரிய அலைச்சல் இல்லை. அப்படிச் செய்யும்போது நிக்கலோடு பல்லேடியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று இதோ சொல்கிறேன்.

தங்கம் இயல்பிலேயே மஞ்சள். அதை வெளுக்கவைக்க இரண்டு வழிதான் பெரிதும் புழக்கத்தில் இருக்கிறது: ஒன்று நிக்கல் கலப்பது, இன்னொன்று பல்லேடியம் கலப்பது. நிக்கல் மலிவு, மோதிரத்துக்கு நல்ல விறைப்பும் கொடுக்கும். பல்லேடியம் பிளாட்டினத்தின் குடும்பம். விலை கூடுதல், உருக்க அதிகச் சூடு வேண்டும், நிறமும் சற்றுச் சாம்பல் ஓடும், ஆனால் பெரும்பாலோர் தோலுக்கு ஒத்துப்போகும். நிக்கல் ஒவ்வாதவர்களில் சிலருக்கு மட்டும் டெஸ்ட்டில் பல்லேடியமும் காட்டுவதுண்டு. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன்.

இப்போது கடையில் காட்டிய அந்த ஒயிட் கோல்டு மோதிரத்துக்கு வருவோம். உள்பக்கம் 18கே750 என்று முத்திரை இருந்திருக்கும். ஆயிரம் பங்கில் 750 பங்கு தங்கம் என்று அர்த்தம். அதற்கு அரசு முத்திரை சாட்சி, சந்தேகமே வேண்டாம். மீதி 250 பங்கு என்ன என்று அந்த முத்திரை சொல்லாது. நிக்கலாக இருந்தாலும் 750-தான், பல்லேடியமாக இருந்தாலும் 750-தான். ஹால்மார்க் பார்த்து வாங்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் கோட்டைவிடுகிற இடம் இதுதான்.

அதோடு இன்னொரு விஷயம். ஷோரூமில் ஒயிட் கோல்டு பளீரென்று வெள்ளையாக இருப்பது அந்தக் கலவையின் சொந்த நிறமல்ல, மேலே ஏற்றியிருக்கும் ரோடியம் பூச்சின் நிறம். ரோடியம் கடினமான உலோகம்தான், ஆனால் பூச்சு மிக மெல்லியது. சும்மா இருக்கிற கையில் இரண்டு வருடம் நிற்கும். மணிக்கு நாலு தடவை கை கழுவி, கையுறை மாட்டிக் கழற்றுகிற செவிலியர் கையில் அவ்வளவு நாள் எதிர்பார்க்காதீர்கள். உள்ளங்கைப் பக்கம்தான் முதலில் போகும். போன இடத்தில் லேசான மஞ்சள் எட்டிப்பார்க்கும். கூடவே, அதுவரை பூச்சுக்கு அடியில் இருந்த நிக்கல் தோலைத் தொட ஆரம்பிக்கும். "வாங்கிய புதிதில் ஒன்றுமில்லை, இப்போதுதான் விரல் அரிக்கிறது" என்று மோதிரத்தைக் கழற்றிக்கொண்டு வருகிறவர்கள் சொல்கிற கதை இதுதான். அவர்கள் சோப்பைக் குறை சொல்வார்கள். தோலில் படும் பொருட்களிலிருந்து கசியும் நிக்கலுக்கு ஐரோப்பாவில் 1994-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதனால் நிக்கல் கலந்த ஒயிட் கோல்டு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். பார்க்க ஒன்றுதான் என்று சொன்னவர் பார்க்கிற வரைக்கும் சரி. போட்டுக்கொள்ளப் போவது வேறு ஒருவர்.

சரி, அம்மாவின் 916. அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் ஊரில் நகை என்றால் அவசரத்துக்கு அடகு, கஷ்டத்துக்கு விற்பனை. 22 கேரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம், எந்தக் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். சங்கிலிக்கும் வளையலுக்கும் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் தினமும் போடுகிற ஒற்றைக்கல் வைர மோதிரத்துக்கு 22 கேரட் மென்மை. சுத்தத் தங்கத்தை நகத்தால் அழுத்தினாலே தடம் விழும் என்பார்களே, 22 கேரட் அவ்வளவு மோசமில்லை, ஆனால் அந்தப் பக்கம்தான் நிற்கிறது.

"பாட்டி காலத்து வைரத்தோடு 22 கேரட்தானே, கல் விழவில்லையே" என்று அம்மா கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தோடுகளில் பெரும்பாலும் க்ளோஸ் செட்டிங், அதாவது கல்லைச் சுற்றி முழுக்கத் தங்கம் மடித்துப் பிடித்திருக்கும். இரண்டாவது, காது எதிலும் போய் இடிப்பதில்லை. விரல் நாளெல்லாம் இடிக்கிறது: ஸ்கூட்டி ஹேண்டில், பேருந்துக் கம்பி, குழாய், குக்கர் மூடி.

பழுது பார்க்க வருகிற பழைய மோதிரம் ஒன்றை லென்ஸில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். கல்லைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பிகளைக் கடையில் பிராங் என்பார்கள். புதிதில் ஒவ்வொன்றின் தலையும் குண்டாக உருண்டு கல்லின் மேல் கவிழ்ந்திருக்கும். சில வருடம் உழைத்த மோதிரத்தில் தலை தேய்ந்து தகடாகியிருக்கும், ஒன்றிரண்டு கல்லை விட்டு மயிரிழை தூக்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பழைய நைலான் துணியை அதன் மேல் இழுத்துப் பாருங்கள், தூக்கிய பிராங்கில் நூல் மாட்டும். அப்படியே மோதிரத்தைத் திருப்பினால் உள்ளங்கைப் பக்கம் வளையம் பாதியாகத் தேய்ந்திருக்கும், வட்டமும் வட்டமாக இருக்காது, பிடித்த பிடியில் நசுங்கியிருக்கும். வளையம் நசுங்கும்போது மேலே பிராங்கும் விரிகிறது, கல் ஆடுகிறது. இது எல்லாத் தங்கத்துக்கும் நடப்பதுதான். 22 கேரட்டில் சீக்கிரம் நடக்கும், 18-ல் ரொம்ப நாள் கழித்து நடக்கும்.

18 கேரட்டில் அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்றால் கலவையிலிருந்துதான். மஞ்சள் 18 கேரட்டில் மீதி 250 பங்கு பெரும்பாலும் வெள்ளியும் செம்பும், கொஞ்சம் துத்தநாகமும் சேரும். வெள்ளியும் செம்பும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தால் நமக்குப் பழகிய மஞ்சள் வரும். வெள்ளியைக் குறைத்துச் செம்பை 20 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் ரோஸ் கோல்டு. அது இன்னும் விறைப்பு, மாநிற விரலில் பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் உங்கள் அம்மா அதைப் பார்த்து என்ன சொல்வார் என்று எனக்கே தெரிகிறது. விட்டுவிடுவோம். இந்த இரண்டு நிறத்துக்கும் நிக்கல் சேர்க்க வேண்டிய அவசியமே கிடையாது. இது உங்களுக்குப் பெரிய நிம்மதி.

14 கேரட் பற்றி. நண்பர் சொல்வது பொய்யில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது, உறுதியும் உண்டு, விலையும் குறையும். இங்கேயும் 585 முத்திரையோடு கிடைக்கிறது. 2025-ல் 9 கேரட்டுக்குக்கூட ஹால்மார்க் வந்துவிட்டது. ஆனால் தங்கம் குறையக் குறைய மற்ற உலோகத்தின் குணம் மேலே வரும்: வியர்வைக்குக் கறுக்கும், ரசாயனத்துக்கு இளகிக்கொடுக்கும். மருத்துவமனையில் சிந்தியதைத் துடைக்கவும் தரைக்கும் ஹைப்போகுளோரைட் கரைசல் பயன்படுத்துவார்கள், நம் வீட்டு ப்ளீச்தான் அது. குளோரின் குறைந்த கேரட் தங்கத்தை, அதிலும் நிக்கல் கலந்த வெள்ளையை, உள்ளுக்குள் அரித்து விரிசல் விடவைக்கும். ஒரு நாள் பிராங் ஒடிந்து விழும்போதுதான் தெரியும். கூரியர் வேலை பார்ப்பவருக்கு 14 சரி என்பேன். செவிலியருக்குச் சொல்ல மாட்டேன்.

வேலை இடத்தைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பல மருத்துவமனைகளில் பணி நேரத்தில் கல் வைத்த மோதிரம் போட விடுவதில்லை. கல்லுக்கு அடியில் அழுக்கு தங்கும், உயர்ந்த பிராங் கையுறையைக் கிழிக்கும். அங்கே என்ன விதி என்று முதலில் கேளுங்கள். அப்புறம் பழைய பாதரச பிபி கருவியோ தெர்மாமீட்டரோ உடைந்தால் மோதிரம் போட்ட கையால் தொடவே கூடாது என்று சொல்லிவையுங்கள். பாதரசம் தங்கத்தில் பட்டால் அந்த இடம் நிமிடத்தில் வெளுத்து, உலோகமே கெட்டுப்போகும். எவ்வளவு துடைத்தாலும் வராது.

பிளாட்டினத்துக்கு வருவோம். நகைக்கு வருவது 950, அதாவது ஆயிரத்துக்கு 950 பங்கு பிளாட்டினம். மீதி 50 பங்கு ருத்தேனியம், இரிடியம், கோபால்ட், செம்பு மாதிரி ஏதாவது ஒன்று. உண்மையான வெள்ளை, பூச்சு தேவையில்லை, ஒவ்வாமைத் தொல்லை மிக மிக அரிது. கையில் எடுத்ததுமே கனம் தெரியும். 18 கேரட் தங்கத்தில் 4 கிராம் வருகிற அதே மோதிரம் பிளாட்டினத்தில் சுமார் 5.3 கிராம் வரும். ஒரு கிராம் விலை சில வருடங்களாகத் தங்கத்தைவிடக் குறைவாக இருக்கிறது. ஆனால் எடை கூடுகிறது, செய்கூலி கூடுகிறது, தங்கத்தைவிட அதிகத் தூய்மை, ஆகவே பில் போடும்போது நினைத்த அளவு குறையாது.

பிளாட்டினத்தில் கீறல் விழாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழும். வித்தியாசம் என்னவென்றால், தங்கத்தில் கீறினால் துகள் போய்விடும், பிளாட்டினத்தில் உலோகம் ஓரமாக ஒதுங்கி வரப்பு மாதிரி நிற்கும். அதனால் எடை அதிகம் குறையாது, ஆனால் வருடம் போகப்போக மினுமினுப்பு மங்கி ஒரு சாம்பல் பொலிவு வரும். சிலருக்கு அது ரொம்பப் பிடிக்கும், சிலர் மாதம் ஒருமுறை பாலிஷ் கேட்டு வருவார்கள். கல்லைப் பிடிப்பதில் பிளாட்டினத்தைக் குறை சொல்ல முடியாது. இடி வாங்கினால் வளையும், சட்டென்று ஒடியாது.

குறை என்று நான் நினைப்பது வேறு. தங்கம் 1064 டிகிரியில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். நம் தெருமுனைப் பத்தர் ஊதுகுழலை வைத்துக்கொண்டு அதில் ஒன்றும் செய்ய முடியாது. தெரியாதவர் கையில் கொடுத்தால் தங்கப் பொடி வைத்து ஊதி, வெள்ளை வளையத்தில் மஞ்சள் கோடு ஒன்று போட்டுக் கொடுப்பார். மோதிர அளவு மாற்றுவது பெண்களுக்குச் சகஜமாக வரும் வேலை. பிள்ளை உண்டாகும்போது விரல் வீங்கும், பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். பிளாட்டினம் என்றால் ஒவ்வொரு முறையும் வாங்கிய கடைக்கோ லேசர் வசதி உள்ள பட்டறைக்கோதான் போக வேண்டும். கோவையில் பிரச்சினையில்லை, நாளைக்கு எங்கே குடியிருப்பீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விற்பதும் அப்படித்தான். தங்கத்தை எந்தக் கடையிலும் நீட்டலாம், பிளாட்டினத்தைப் பெரும்பாலும் வாங்கிய கடைதான் எடுக்கும், எவ்வளவு பிடித்தம் என்பதை அன்றைக்கே பில்லில் எழுதி வாங்குங்கள். தங்கத்துக்கு இருப்பதுபோலக் கட்டாய ஹால்மார்க் இதற்கு இல்லை என்பதால், பிடி950 முத்திரையும் தனி எண்ணோடு கூடிய தரச் சான்று அட்டையும் இல்லாமல் வாங்காதீர்கள்.

என் முடிவு: மஞ்சள் 18 கேரட். கல் உட்காரும் இடம் தாழ்வாக இருக்கட்டும், முடிந்தால் க்ளோஸ் செட்டிங்கே போடுங்கள். கல் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், ஆனால் கையுறையில் மாட்டாது, பிராங் தேய்கிற பேச்சே இல்லை. ஓபன் செட்டிங்தான் வேண்டும் என்றால் நாலு பிராங் வேண்டாம், ஆறு கேளுங்கள். ஒன்று போனாலும் கல் நிற்கும். வளையத்தைக் கவிழ்த்து உள்பக்கம் பாருங்கள், எடை குறைக்க உள்ளே குடைந்து எடுத்த லைட் வெயிட் மோதிரமாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். உள்ளங்கைப் பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். பெண்ணுக்கு வெள்ளை மேல் உண்மையிலேயே ஆசை என்று தெரிந்தால், அப்போது பிளாட்டினம் 950, தயங்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் எதுவும் வேண்டாம்.

மஞ்சளில் ஒரு மிச்சமும் இருக்கிறது. வெள்ளை உலோகத்தில் வைத்தால் கல்லில் உள்ள லேசான மஞ்சளும் எடுத்துக்காட்டும், அதனால் நிறத்தில் டி, இ, எஃப் என்று மேல் தரம் தேட வேண்டியிருக்கும். மஞ்சள் தங்கத்தில் அதற்குக் கீழே உள்ள ஐ, ஜே நிறக் கல்லே வெள்ளையாகத்தான் தெரியும். அந்தப் பணத்தைக் கல்லின் வெட்டில் போடுங்கள், ஜொலிப்பு அங்கேதான் இருக்கிறது.

அம்மாவுக்குக் கணக்காகச் சொல்லுங்கள், வாதம் வேண்டாம். 18 கேரட்டில் 4 கிராம் மோதிரம் என்றால் உள்ளே 3 கிராம் சுத்தத் தங்கம். அதே மோதிரத்தை 22 கேரட்டில் செய்தால் எடை சுமார் 4.6 கிராம் வரும், உள்ளே 4.2 கிராம் தங்கம். வித்தியாசம் 1.2 கிராம். அந்தக் காசுக்கு ஒரு கிராம் நாணயம் வாங்கி அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள், சேதாரமும் மிச்சம். நகைக்கடை விளம்பரம் பார்த்துப் பழகியவர் என்றால் "கேடிஎம்-ஆ?" என்றும் கேட்பார். அது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைப்பது, அந்தப் புகை பட்டறையில் வேலை செய்கிறவர்கள் நுரையீரலைக் கெடுத்ததுதான் மிச்சம். அது தூய்மைக்குச் சான்று அல்ல, இப்போது யாரும் அதைத் தேட வேண்டியதும் இல்லை.

வாங்கும்போது மோதிரத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முக்கோண முத்திரை, 18கே750, ஆறு எழுத்து-எண் கொண்ட ஹெச்யூஐடி என்ற தனி அடையாள எண், மூன்றும் இருக்கிறதா பாருங்கள். அந்த ஆறையும் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் என்ன பொருள், என்ன தூய்மை என்று வந்துவிடும். கம்மல் என்று காட்டினால் அது உங்கள் மோதிரத்தின் எண் அல்ல. பில்லில் தங்கத்தின் நிகர எடை தனி, கல்லின் எடை தனியாக இருக்க வேண்டும். சேதாரத்தை நிகரத் தங்க எடைக்குத்தான் போட வேண்டும், கல்லோடு சேர்த்த மொத்த எடைக்குப் போட்டால் அங்கேயே கேளுங்கள். கடைசியாக, "நிக்கல் இல்லை" என்று ஒரு வரி பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மஞ்சள் தங்கத்துக்கு எழுதித் தர நல்ல கடைக்காரர் யோசிக்கவே மாட்டார். யோசித்தால் அடுத்த கடை.

விரல் அளவைச் சாயந்திரத்தில் எடுங்கள். காலையிலும் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவியதும் விரல் சுருங்கியிருக்கும், அந்த அளவுக்குச் செய்த மோதிரம் மதியத்துக்குள் இறுக்கும். தைக்கு முன்னால் முகூர்த்தக் கூட்டம் சேர்ந்துவிடும், செய்யக் கொடுப்பதாக இருந்தால் கார்த்திகையிலேயே கொடுத்துவிடுங்கள்.